மனைவியைக் கூப்பிட 29,000 பவுண்ட்: பிரிட்டனின் துணைவர் விசாவும் அதன் கணக்கும்

லண்டன் தமிழர்கள் கூடுகிற இடத்தில் ஓர் இளைஞன் "கலியாணம் முடிஞ்சுது, இனி ஆளைக் கூப்பிட வேணும்" என்று சொல்லிப் பாருங்கள். பொண்ணு எந்த ஊர், என்ன படிப்பு என்பதெல்லாம் பிறகு வரும். முதல் கேள்வி, "தம்பி, பேஸ்லிப் எத்தனை மாசத்துக்குக் கிடக்கு?" பேஸ்லிப் என்றால் சம்பளச் சீட்டு. ஈஸ்ட் ஹாம், டூட்டிங், ஹாரோ, எங்கே போனாலும் இதே கேள்விதான். கேட்பவர் வக்கீலாக இருக்க வேண்டியதில்லை. தன் மனைவியையோ மருமகனையோ தங்கையின் கணவனையோ கூப்பிட்டு முடித்தவராக இருப்பார்.

அவர் சரியான இடத்தில்தான் கை வைக்கிறார். வெளிநாட்டில் இருக்கும் கணவனையோ மனைவியையோ பிரிட்டனுக்கு அழைக்கும்போது விண்ணப்பம் அவர் பெயரில் போகிறது. கைரேகை கொடுப்பவர் அவர், எக்ஸ்ரே எடுப்பவர் அவர், ஆங்கிலத் தேர்வு எழுதுபவரும் அவர். ஆனால் இந்தப் பரீட்சையில் பாஸா ஃபெயிலா என்பது பெரும்பாலும் ஏற்கெனவே உள்ளே இருப்பவரின் வங்கிக் கணக்கில் முடிவாகிவிடும்.

என்னோடு வேலை பார்த்த ஒரு தம்பி கிடங்கு ஒன்றில் மணிக்கூலிக்காரர். மணிக்கு 14 பவுண்ட், வாரம் 42 மணி நேரம். ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் 30,576 பவுண்ட் வருகிறது. சட்டம் கேட்பது 29,000. தாராளமாக மிஞ்சுகிறது என்று நினைத்துக்கொண்டு யாழ்ப்பாணம் போய், எழுத்தும் (திருமணப் பதிவும்) முடித்து, தாலியும் கட்டித் திரும்பினார். வருட விடுமுறையை முன்பே தீர்த்துவிட்டிருந்ததால் ஒரு மாதம் சம்பளமில்லா லீவு. மணிக்கூலிக்காரருக்கு ஹோம் ஆபீஸ், அதாவது விசா தரும் பிரிட்டிஷ் உள்துறை, கடைசி 6 மாதச் சராசரியை எடுத்து ஆண்டுக்கு ஏற்றுகிறது. மாதம் 2,548 பவுண்ட் வீதம் 5 மாதம், ஒரு மாதம் பூஜ்யம். 12,740ஐ 6ஆல் வகுத்து 12ஆல் பெருக்கினால் 25,480. "அண்ணை, கலியாணத்துக்குப் போனதுதான் பிழையாப் போச்சு" என்றார். சிரிப்பதா என்று எனக்கும் தெரியவில்லை.

இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது, அதைச் சுற்றி வேறு என்ன வழிகள் இருக்கின்றன என்று பார்ப்போம்.

முதலில், யார் யாரைக் கூப்பிடலாம். பிரிட்டிஷ் குடியுரிமை உள்ளவர், இங்கே வாழும் ஐரிஷ் குடிமக்கள், நிரந்தர வதிவிடம் பெற்றவர், அகதி அந்தஸ்து கிடைத்தவர். இவர்கள்தான் முக்கியமானவர்கள். இருவருக்கும் 18 வயது ஆகியிருக்க வேண்டும், ஒருவரை ஒருவர் நேரில் சந்தித்திருக்க வேண்டும். வீடியோவில் மட்டும் பார்த்துப் பேசி, படத்துக்கு மாலை போட்டுக் கட்டிக்கொண்ட கல்யாணம் இங்கே செல்லாது.

கல்யாணம் முடித்துவிட்டு விண்ணப்பித்தால் துணைவர் விசா, 33 மாதம். முடிக்காமல், இங்கே வந்து கட்டிக்கொள்கிறோம் என்றால் நிச்சயிக்கப்பட்டவர்களுக்கான விசா, 6 மாதம். அந்த 6 மாதமும் வேலை செய்யக் கூடாது. கல்யாணம் ஆனதும் மறுபடி விண்ணப்பம், மறுபடி கட்டணம். அப்பா அம்மா உட்பட எல்லோரும் இங்கேயே இருக்கிறார்கள், மண்டபமும் இங்கேதான் என்பவர்களைத் தவிர மற்றவர்கள் இந்த வழியில் போவதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. கல்யாணம் இல்லாமல் 2 ஆண்டுகள் கணவன் மனைவி போன்ற உறவில் இருப்பவர்களுக்கும் ஒரு பிரிவு உண்டு. அந்த 2 ஆண்டும் ஒரே வீட்டில் வாழ்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2024 ஜனவரியில் தளர்ந்தது. ஒரே பாலினத் துணைவர்களுக்கும் இதே விதிகள்தான்.

"விசிட் விசாவில் கொண்டுவந்து இங்கேயே மாத்திக்கலாம்" என்று ஒருவர் இல்லாவிட்டால் ஒருவர் சொல்லிக்கொண்டே இருப்பார். மாற்ற முடியாது. சுற்றுலா விசாவிலிருந்து துணைவர் விசாவுக்கு உள்ளேயே தாவ விதியில் இடமில்லை.

கல்யாணம் எந்த நாட்டில் நடந்ததோ அந்த நாட்டுச் சட்டப்படி செல்ல வேண்டும். இலங்கைத் தமிழர்களுக்கு இதில் பெரிய குழப்பம் இல்லை. பதிவுக்கு 'எழுத்து' என்று தனியாகப் பெயரே இருக்கிறது, பல வீடுகளில் தாலி கட்டுவதற்கு மாதக்கணக்கில் முன்பே எழுத்து முடிந்துவிடும். தமிழ்நாட்டிலும் 2009ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு எல்லாக் கல்யாணத்தையும் பதிவு செய்தாக வேண்டும். சிக்கல் பெரும்பாலும் பெயரில் வரும். பிறப்புச் சான்றிதழில் ஓர் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அதே இனிஷியல் அப்பா பெயராக விரிந்து குடும்பப் பெயர் ஆகியிருக்கும், கல்யாணச் சான்றிதழில் எழுத்தர் தன் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும். விண்ணப்பத்தைப் பார்க்கும் அதிகாரிக்கு மூன்று பேர் தெரிவார்கள். கல்யாணத்தன்று மணவறையில் இருந்து இறங்குவதற்கு முன் சான்றிதழில் உள்ள ஒவ்வொரு எழுத்தையும் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு ஆளை நியமிப்பது, கேமராக்காரரை ஏற்பாடு செய்வதைவிட முக்கியம்.

பெற்றோர் பார்த்துச் செய்த கல்யாணம் என்பதற்காக யாரையும் நிராகரிப்பதில்லை. பார்த்துச் செய்த கல்யாணம் வேறு, கட்டாயக் கல்யாணம் வேறு என்று ஹோம் ஆபீஸ் பிரித்தே பார்க்கிறது. உறவு நிஜம் என்பதற்கு விமான டிக்கெட், படங்கள், பேசிக்கொண்டதற்கான பதிவு, பணம் அனுப்பிய ரசீது ஆகியவை போதும். வாட்ஸ்அப் உரையாடலை ஆயிரம் பக்கம் அச்செடுத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். மாதத்துக்கு ஒரு பக்கம் என்று எடுத்தாலே விஷயம் விளங்கும். மாமியாரைப் பற்றி எழுதியதெல்லாம் அதிகாரி படிக்க வேண்டுமா என்ன.

ஆங்கிலத்துக்கு ஏ1 நிலை, அதாவது அடிமட்டப் பேச்சும் கேட்டுப் புரிதலும். ஐஇஎல்டிஎஸ் லைஃப் ஸ்கில்ஸ் என்ற தேர்வுக்குப் போனால், இன்னொரு தேர்வரையும் பக்கத்தில் உட்கார வைத்து 16 முதல் 18 நிமிடம் பேச வைப்பார்கள். ஆங்கில வழியில் பட்டம் முடித்தவர்கள் அதை உரிய முறையில் சான்று வாங்கிக் காட்டினால் தேர்வு வேண்டாம். இந்தியாவிலும் இலங்கையிலும் இருந்து விண்ணப்பிப்பவர்கள் காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழ் வைக்க வேண்டும், அதற்கு 6 மாத ஆயுள்தான். தங்கும் இடம் நெரிசல் இல்லாததாக இருக்க வேண்டும். அண்ணன் வீட்டில் ஓர் அறை தம்பதிக்கென்று தனியாக இருந்தாலும் சரி.

இவ்வளவும் ஓடி ஆடினால் முடிகிற வேலை. ஓடி முடியாதது பணம்.

பேஸ்லிப்பின் ஆறு மாதம்

2024 ஏப்ரல் 11 முதல் புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்கு ஆண்டு வருமான வரம்பு 29,000 பவுண்ட். அதற்கு முன்பு 18,600. முன்பே இந்தப் பாதையில் நுழைந்தவர்கள் பழைய வரம்பிலேயே தொடரலாம். முன்பு குழந்தைகளுக்கு என்று கூடுதல் தொகை காட்ட வேண்டியிருந்தது, புதிய வரம்பில் அது இல்லை.

யாருடைய வருமானம் என்பதுதான் பலர் சறுக்கும் இடம். வெளியே இருப்பவர் சென்னையில் மாதம் 2 லட்சம் ரூபாய் வாங்கினாலும் அது ஒரு பென்னிகூடக் கணக்கில் வராது. இங்கே இருப்பவரின் சம்பளம் மட்டும்தான். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோடு சென்னையில் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கும் ஒருவர் மனைவியோடு திரும்ப நினைத்தால், அங்கே வாங்கும் சம்பளமும் வரம்பைத் தொட வேண்டும், இங்கே 3 மாதத்துக்குள் தொடங்கும் வேலை ஒன்றும் கையில் இருக்க வேண்டும், அந்தச் சம்பளமும் வரம்பைத் தொட வேண்டும்.

ஒரே முதலாளியிடம் 6 மாதம் வேலை பார்த்திருந்தால் கணக்கு எளிது: 6 மாதப் பேஸ்லிப், அந்தச் சம்பளம் வந்து விழுந்த வங்கிக் கணக்கு, முதலாளியின் கடிதம். மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பாதிச் சம்பளம் கணக்கில், மீதி கையில் என்று வாங்குகிறவர்களுக்குக் கையில் வந்தது கணக்கில் இல்லாத பணம்தான். 6 மாதம் ஆகாவிட்டால், இப்போதைய சம்பளமும் 29,000 இருக்க வேண்டும், கடந்த 12 மாதத்தில் உண்மையில் சம்பாதித்ததும் 29,000 இருக்க வேண்டும். இரண்டு வேலை பார்ப்பவர்கள் இரண்டையும் கூட்டிக்கொள்ளலாம். சொந்தத் தொழில் என்றால் முடிந்துபோன முழு நிதியாண்டைத்தான் பார்ப்பார்கள்.

நம்மவர்களுக்கென்றே வெட்டி வைத்த குழி ஒன்று இருக்கிறது. அண்ணன் கடையிலோ சித்தப்பாவின் பெட்ரோல் நிலையத்திலோ வேலை. கடை ஒரு லிமிடெட் கம்பெனி, பங்குகள் எல்லாம் குடும்பத்தின் கையில். அப்படியென்றால் நீங்கள் சாதாரண ஊழியர் இல்லை. பெற்றோர், உடன்பிறந்தோர், மாமா, சித்தப்பா, அத்தை, ஒன்றுவிட்ட சகோதரர் ஆகியோர் பங்கு வைத்திருந்து, வெளியாட்கள் ஐந்து பேரை எட்டாத கம்பெனிகளை விதி தனி வகையாக வைத்திருக்கிறது. அங்கே 6 மாதப் பேஸ்லிப் எடுபடாது. கம்பெனியின் முழு நிதியாண்டுக் கணக்கு, வரி ஆவணங்கள் எல்லாம் கேட்பார்கள். சொந்தக்காரர்கள் சேர்ந்து போலி வேலை காட்டிவிடுவார்கள் என்ற சந்தேகம்தான் காரணம். சந்தேகம் வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாட்டுக்கு வந்த நாள் முதல் சித்தப்பா கடையில் நிஜமாகவே மாடாக உழைக்கிறவர்களும் அதே வலையில் விழுகிறார்கள்.

சம்பளம் போதாவிட்டால் சேமிப்பு. முதல் 16,000 பவுண்டைக் கண்டுகொள்ள மாட்டார்கள். அதற்கு மேலே, குறைகிற தொகையின் இரண்டரை மடங்கு வேண்டும். சம்பளம் 24,000 என்றால் குறைவது 5,000. அதற்கு 12,500, மேலே 16,000, ஆக 28,500 பவுண்ட் வங்கியில் 6 மாதம் அசையாமல் கிடக்க வேண்டும். சம்பளமே இல்லாதவர் 88,500 காட்ட வேண்டும். அப்பாவோ மாமனாரோ அன்பளிப்பாகக் கொடுத்தாலும் சரி, ஆனால் அந்த 6 மாதமும் அது உங்கள் கணக்கில் உங்கள் பணமாக இருக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு ஒரு வாரம் முன்பு நண்பனிடம் கைமாற்று வாங்கிக் கணக்கில் போடுகிற வேலை நடக்காது. "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று மாமா எழுதித் தரும் கடிதமும் சாதாரண நேரத்தில் செல்லாது.

மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகை, பராமரிப்பாளர் உதவித்தொகை போன்ற சிலவற்றை வாங்குகிறவர்களுக்கு மட்டும் 29,000 வரம்பு கிடையாது. வாடகை போக வாழ்க்கை நடத்தப் போதுமான தொகை கையில் நிற்கிறதா என்று பார்ப்பார்கள்.

29,000 எவ்வளவு பெரிய தொகை என்பதற்கு ஒரு கணக்கு. 21 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான குறைந்தபட்சக் கூலி 2025 ஏப்ரலில் மணிக்கு 12.21 பவுண்ட் ஆனது. வாரம் 37.5 மணி நேரம் ஒரு வாரம்கூட விடாமல் உழைத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 23,810. வரம்பைத் தொட வாரம் கிட்டத்தட்ட 46 மணி நேரம் வேண்டும். அதாவது, அரசே 'இது முழுநேர வேலைக்கு நியாயமான அடிமட்டக் கூலி' என்று சொல்லும் சம்பளத்தில் மனைவியோடு வாழ அதே அரசு அனுமதிப்பதில்லை.

நோக்கத்தில் தொடங்கிச் சம்பளத்துக்கு

இந்த இடத்துக்கு எப்படி வந்தோம்? கொஞ்சம் பின்னால் போக வேண்டும், அந்தக் கதையில் தெற்காசியர்கள் நடுவிலேயே நிற்கிறார்கள்.

1979 ஜனவரி 24 அன்று, இங்கே இருந்த ஒருவரைக் கல்யாணம் செய்ய ஹீத்ரோவில் வந்திறங்கினார் 35 வயது இந்திய ஆசிரியை ஒருவர். அப்போதைய விதிப்படி மனைவியாக வருபவர் முன்கூட்டியே அனுமதி வாங்கிவர வேண்டும், மூன்று மாதத்துக்குள் மணக்கப்போகிற பெண்ணுக்கு அது தேவையில்லை. இவர் ஏற்கெனவே கல்யாணமானவராக இருந்து அந்த வரிசையைத் தவிர்க்கிறாரோ என்று அதிகாரிக்குச் சந்தேகம். அவரைக் கன்னித்தன்மைப் பரிசோதனைக்கு உட்படுத்தினார்கள். செய்தி வெளியானதும் பெரும் கொந்தளிப்பு. துணைக்கண்டத்தில் இருந்த பிரிட்டிஷ் தூதரக அலுவலகங்களிலும் இப்படிப்பட்ட பரிசோதனைகள் நடந்தது பிறகு தெரியவந்தது.

1980களில் சந்தேகம் ஆண்கள் பக்கம் திரும்பியது. கல்யாணத்தின் முதன்மை நோக்கம் பிரிட்டனுக்கு வருவது இல்லை என்று வரப்போகிற மாப்பிள்ளை நிரூபிக்க வேண்டும். இல்லாத ஒன்றை எப்படி நிரூபிப்பது? அதுவும் பெண் பிறந்து வளர்ந்தது இங்கே, மாப்பிள்ளை இங்கே வருவதாகப் பேசித்தான் இரு வீட்டாரும் சம்மதித்திருப்பார்கள். "கல்யாணத்துக்குப் பிறகு எங்கே வாழ்வீர்கள்?" என்ற கேள்விக்கு உண்மையைச் சொன்னால் அதுவே நிராகரிப்புக்குக் காரணம். 1997 ஜூனில், ஆட்சிக்கு வந்த கையோடு லேபர் அரசு அந்த விதியை எடுத்தது.

இடையில் 1985 மே 28 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஒரு தீர்ப்புத் தந்தது. அப்துல்அஸிஸ், கபாலெஸ், பல்கந்தாலி என்ற மூன்று பெண்கள் தொடுத்த வழக்கு. இங்கே குடியிருக்கும் ஆண் மனைவியைக் கூப்பிடுவது எளிது, பெண் கணவனைக் கூப்பிடுவது கடினம், இது பாகுபாடு என்பது அவர்கள் வாதம். நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. பிரிட்டன் அதை எப்படிச் சரிசெய்தது தெரியுமா? பெண்களுக்கு எளிதாக்கவில்லை, ஆண்களுக்கும் கடினமாக்கியது. சமத்துவம் வந்தது, மேலிருந்து கீழே இறங்கி வந்தது. அதே தீர்ப்பில் இன்னொரு வரியும் இருக்கிறது. எந்த நாட்டில் சேர்ந்து வாழ்வது என்று தம்பதி எடுக்கும் முடிவை அரசு அப்படியே ஏற்றாக வேண்டும் என்ற பொதுக் கடமை இல்லை. இன்றுவரை நிராகரிப்புக் கடிதங்களின் அடியில் ஓடும் தர்க்கம் இதுதான்: நீங்கள் சேர்ந்து வாழக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, அங்கே போய் வாழுங்கள்.

நோக்கத்தை நோண்டும் விதி போன இடத்துக்கு 2012 ஜூலையில் சம்பளம் வந்து உட்கார்ந்தது. 18,600 பவுண்ட் என்பது, அதற்கு மேல் சம்பாதிக்கும் தம்பதிக்கு வருமானம் சார்ந்த அரசு உதவித்தொகை தேவைப்படாது என்று நிபுணர் குழு போட்ட கணக்கு. நல்லதோ கெட்டதோ, அதற்கு ஒரு தர்க்கம் இருந்தது. 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் வருமான வரம்பு கொள்கையளவில் சட்டப்படி சரி என்றது. ஆனால் குழந்தைகளின் நலனை விதி சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை என்றும், வேறு வழிகளில் வரும் நம்பகமான பணத்தையும் சில வழக்குகளில் பார்க்க வேண்டும் என்றும் சொன்னது. அதற்குப் பிறகு ஒரு விதிவிலக்குப் பாதை விரிந்தது. நிராகரித்தால் குடும்பத்துக்கு, முக்கியமாக இங்கிருக்கும் குழந்தைக்கு, நியாயப்படுத்த முடியாத கடுமை நேரும் என்று காட்ட முடிந்தால், வரம்பைத் தொடாமலும் விசா கிடைக்கலாம். ஆனால் நிரந்தர வதிவிடத்துக்கு 5 ஆண்டுக்குப் பதில் 10 ஆண்டு காத்திருக்க வேண்டும்.

2023 டிசம்பர் 4 அன்று அன்றைய உள்துறை அமைச்சர் ஜேம்ஸ் கிளெவர்லி வரம்பு 38,700 ஆகும் என்று அறிவித்தார். குடியேற்ற எண்ணிக்கையைக் குறைப்பதே நோக்கம் என்று வெளிப்படையாகவே சொல்லப்பட்டது. கல்யாணத் தேதி குறித்து மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தவர்கள் எல்லாம் ஆடிப்போனார்கள். எதிர்ப்புக் கிளம்பி மூன்றே வாரத்தில் அது படிப்படியாக என்று மாறியது: முதலில் 29,000, அப்புறம் 34,500, கடைசியில் 38,700. முதல் படி ஏறியது. 2024 ஜூலையில் ஆட்சி மாறி, மற்ற இரண்டு படிகளும் நின்றன. இந்த 29,000க்கு உதவித்தொகையோடு எந்தத் தொடர்பும் இல்லை. வெளிநாட்டுத் தொழிலாளர் விசாவுக்குத் தகுதியான வேலைகளின் சம்பள வரிசையில் கீழிருந்து கால் பங்கு எங்கே விழுகிறதோ அந்த எண். வேலைக்கு ஆள் எடுக்கும் அளவுகோலைக் கல்யாணத்துக்கு வைத்துப் பார்த்தால் இப்படித்தான் வரும்.

புதிய அரசு கேட்டுக்கொண்டபடி குடியேற்ற ஆலோசனைக் குழு 2025 ஜூனில் அறிக்கை தந்தது. குறைந்தபட்சக் கூலிக்கு மேல் போகாமலே ஒரு குடும்பம் தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் இலக்கு என்றால், வரம்பு 23,000 முதல் 25,000 பவுண்ட் வரை இருக்கலாம் என்றது. 38,700 என்பது குடும்ப வாழ்வு உரிமையோடு மோதக்கூடியது என்றும் எச்சரித்தது. முடிவு அரசின் கையில். அறிக்கை வந்ததையே வரம்பு இறங்கிவிட்டதாகப் பரப்புகிற காணொளிகளை நம்பி விண்ணப்பம் போட்டுவிடாதீர்கள்.

பக்கத்துக் கதவுகள்

மேலே சொன்ன வருமானக் கணக்கு எதுவும் திறமையாளர் வேலை விசாவில் வந்திருப்பவர்களுக்குப் பொருந்தாது. பெங்களூரிலிருந்து வந்த ஒரு மென்பொறியாளர் மனைவியை அழைத்துவர 29,000 கணக்கும் இல்லை, ஆங்கிலத் தேர்வும் இல்லை. துணைவருக்கென்று 285 பவுண்ட் கையிருப்புக் காட்டினால் போதும். வந்த மறுநாளே மனைவி வேலைக்குப் போகலாம். இங்கே பிறந்து, இங்கே பள்ளிக்கூடம் போய், இங்கே கடையில் வேலை பார்க்கும் பிரிட்டிஷ் பெண்ணுக்கு இந்த வசதி இல்லை. பொறியாளரின் விசாவுக்கே பெரிய சம்பள வரம்பு உண்டு என்பது நியாயமான பதில்தான். ஆனால் குடியுரிமை என்பது ஒரு வேலை விசாவைவிடக் குறைவான உரிமை தருகிற ஒரே இடம் இதுவாகத்தான் இருக்கும்.

அந்தக் கதவும் சுருங்கிவருகிறது. முதுநிலை ஆராய்ச்சி போன்ற சிலவற்றைத் தவிர, மாணவர்கள் 2024 ஜனவரியில் இருந்து துணைவரை அழைத்துவர முடியாது. பராமரிப்புப் பணியாளர்கள் அதே ஆண்டு மார்ச் 11 முதல் முடியாது. "முதல்ல நீ ஸ்டூடண்ட் விசாவில போ, பின்னால நான் வர்றேன்" என்று கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் எத்தனையோ தம்பதிகள் போட்ட திட்டம் அதோடு முடிந்தது.

அகதிகளுக்கு இருந்த வழி வேறு. நாட்டை விட்டுத் தப்பி வருவதற்கு முன்பே கல்யாணம் ஆகியிருந்தால் மனைவியையும் பிள்ளைகளையும் கட்டணம் இல்லாமல், வருமான வரம்பு இல்லாமல் அழைக்கலாம். ஈழத்தமிழர் பலருக்கு இந்த வழியில்தான் குடும்பம் வந்து சேர்ந்தது. 2025 செப்டம்பர் 4 அன்று புதிய விண்ணப்பங்களை அரசு நிறுத்திவைத்தது. அதற்குப் பிறகு அகதி ஒருவர் தன் மனைவியை அழைக்க வேண்டுமானால் அவரும் அந்த 29,000 பவுண்ட் வரிசையில்தான் நிற்க வேண்டியிருந்தது. போன வாரம் அந்தஸ்து கிடைத்த ஒருவருக்கு 6 மாதப் பேஸ்லிப் எங்கிருந்து வரும்?

ஜெர்மன், டச்சு, பிரெஞ்சு, டேனிஷ் பாஸ்போர்ட்டோடு இங்கே வந்து குடியேறிய தமிழர்கள் கணிசம். 2020 டிசம்பர் 31க்கு முன் இங்கே குடியிருந்து, அந்தத் தேதிக்கு முன்பே உறவும் தொடங்கியிருந்தால் அவர்களுக்கு ஐரோப்பியக் குடியேற்றத் திட்டத்தின் கீழ் வருமானக் கணக்கில்லாத வழி இன்னும் உண்டு. அதற்குப் பிறகு கட்டிக்கொண்டவர்களுக்கு இல்லை. பிரிட்டிஷ் குடிமக்கள் அயர்லாந்தில் போய்ச் சில காலம் வேலை பார்த்து மனைவியை அங்கே வரவழைத்து ஐரோப்பியச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு திரும்புகிற சுற்றுவழி ஒன்று ஒரு காலத்தில் பிரபலமாக இருந்தது. பிரெக்ஸிட் அதையும் மூடிவிட்டது.

கட்டணம்

2025 ஏப்ரல் கட்டணப்படி வெளியிலிருந்து போடும் விண்ணப்பத்துக்கு 1,938 பவுண்ட், அதோடு ஆண்டுக்கு 1,035 வீதம் மூன்று ஆண்டுக்கான மருத்துவச் சேவைக் கட்டணம் 3,105. இரண்டரை ஆண்டு கழித்து நீட்டிப்புக்கு 1,321, மருத்துவத்துக்கு 2,587.50. 5 ஆண்டு முடிந்து நிரந்தர வதிவிடத்துக்கு 3,029. கூட்டினால் 11,980.50. வக்கீல், மொழிபெயர்ப்பு, தேர்வு, எக்ஸ்ரே எல்லாம் தனி. அநேகமாக ஒவ்வோர் ஆண்டும் ஏறுகிற கட்டணம் என்பதால் விண்ணப்பிக்கும் அன்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வக்கீல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பிரிட்டனில் 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிய பதிவு இல்லாமல் குடிவரவு ஆலோசனை தருவது குற்றம். "நூறு பேருக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்" என்று கடைக்குப் பின்னறையில் படிவம் நிரப்பித் தரும் அண்ணன்மார் பலருக்கும் அந்தப் பதிவு இருக்காது. அவர் ஒரு பேஸ்லிப்பைத் 'திருத்தி' வைத்து அது பிடிபட்டால், பெயர் கெடுவது விண்ணப்பித்தவருக்கு. பின்னால் போடும் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அது கூடவே வரும். இந்தக் கட்டுரையும் பொது விளக்கம்தான், உங்கள் கோப்பைப் பார்த்துச் சொன்ன ஆலோசனை இல்லை.

நிராகரித்தால் மனித உரிமை அடிப்படையில் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் விசாரணைக்கு நாள் வருவதற்குள், குறையைச் சரிசெய்து புதிதாகப் போட்ட விண்ணப்பத்துக்கு முடிவு வந்துவிடுவதும் உண்டு. எது வேகம் என்பது எதற்காக நிராகரித்தார்கள் என்பதைப் பொறுத்தது.

வந்து சேர்ந்த பிறகு வேலை செய்யலாம், படிக்கலாம், மருத்துவம் உண்டு, அரசு உதவித்தொகை கிடையாது. நீட்டிப்பின்போது இருவர் சம்பளத்தையும் கூட்டிக் காட்டலாம் என்பதால் அப்போது வரம்பு அவ்வளவு பயமுறுத்தாது. ஆங்கிலம் அப்போது ஏ1க்கு அடுத்த படியான ஏ2, நிரந்தர வதிவிடத்துக்கு அதற்கும் மேலான பி1, அதோடு பிரிட்டனில் வாழ்வு பற்றிய ஒரு தேர்வு. வீட்டில் பேசப்படாத ஒரு விஷயமும் சட்டத்தில் இருக்கிறது. விசா கணவன் கையில் இருப்பதாக நினைத்து அடியையும் வசவையும் பொறுத்துக்கொண்டு இருக்கும் பெண்கள் இருக்கிறார்கள். குடும்ப வன்முறையால் உறவு முறிந்தால் கணவனின் தயவு இல்லாமலே நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம், இடைக்காலத்தில் 3 மாதத்துக்கு உதவித்தொகைக்கும் வழி உண்டு. லீவுக்குப் போவோம் என்று ஊருக்குக் கூட்டிப்போய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு அங்கேயே விட்டுவிட்டு வந்தாலும், 2024 ஜனவரி 31 முதல் அந்தப் பெண் வெளியிலிருந்தே விண்ணப்பித்துத் திரும்பி வரலாம்.

கிடங்குத் தம்பி இப்போது காத்திருக்கிறார். பூஜ்யம் விழுந்த மாதம் 6 மாதக் கணக்கிலிருந்து நழுவி வெளியே போகும் வரை காத்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் அவர் மனைவி ஏ1 தேர்வு எழுதிப் பாஸாகிவிட்டார். உறவு நிஜம் என்று காட்ட இன்னொரு முறை ஊருக்குப் போய்வந்தால் நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். போனால் இன்னொரு சம்பளமில்லா லீவு, சராசரி மறுபடி சறுக்கும். அதனால் போகவில்லை. இரவு ஷிப்ட்டில் சாப்பாட்டு நேரத்தில் வீடியோவில் பேசிக்கொள்கிறார்கள். அவர் சாப்பிடும் நேரம் அங்கே விடிந்திருக்கும்.